நடுவர் தொழிலின் வரலாறு: ஒரகடம் கார் ஆலை வழக்கை முன்வைத்து

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஸ்ரீபெரும்புதூர். இராமானுசர் பிறந்த ஊராக அறியப்பட்ட இவ்வூர், 1990களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகளின் ஊராகவும் அறியப்படுகிறது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது. தெற்கே ஒரகடத்தில் ரெனோ-நிசான், அப்போலோ டயர்ஸ், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஏரிகளும் வயல்களும் இருந்த கிராமங்கள் இருபது ஆண்டுகளுக்குள் உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் இடங்களாயின.

ஆலைகள் வரும் இடத்துக்கு ஒப்பந்தங்களும் வரும், ஒப்பந்தங்கள் மிகுந்த இடத்தில் தகராறுகளும் மிகும். உதிரிபாகம் தரமில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறது. கட்டடம் குறித்த நாளில் முடிவதில்லை. தர வேண்டிய தொகை மாதக்கணக்கில் நிற்கிறது. இவற்றையெல்லாம் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனால் ஆண்டுகள் பல ஆகும். ஆகவே பெரும்பாலான வணிக ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில் ஒரு விதி எழுதப்பட்டிருக்கும்: தகராறு எழுந்தால் இரு தரப்பும் ஏற்கும் நடுவரிடம் அதை ஒப்படைப்போம் என்பதே அது. அந்த விதியிலிருந்து பிறந்ததுதான் தனிப்பட்ட வணிக நடுவர் என்ற தொழில். அரசு ஊதியமோ நிரந்தர நாற்காலியோ இல்லாத இத்தொழிலில், இரு தரப்பும் வைக்கும் நம்பிக்கை ஒன்றே முதலீடு. இத்தொழில் எவ்வாறு உருவானது, அதன் பலமும் பலவீனமும் எவை என்பதை ஒரகடத்தில் தொடங்கிய ஒரு பெரிய வழக்கின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

நடுவரும் சமரசரும்

இரண்டு சொற்களை முதலில் பிரித்தறிய வேண்டும். நடுவர் என்பவர் இரு தரப்பின் ஆவணங்களையும் சாட்சியங்களையும் கேட்டுத் தீர்ப்பு வழங்குபவர். அத்தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், அதை நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றலாம். சமரசர் தீர்ப்பு எதுவும் வழங்குவதில்லை. இரு தரப்பும் தாமே ஓர் உடன்பாட்டுக்கு வர அவர் உதவுகிறார். தனித்தனியே அமர்த்தி அவர்கள் சொல்வதைக் கேட்பார். ஒருவர் சொன்ன இரகசியத்தை அவர் அனுமதியின்றி மற்றவரிடம் சொல்லமாட்டார்.

இவ்விரு பணிகளையும் ஒருவரே செய்வதுண்டு. ஆனால் ஒரே வழக்கில் இரண்டையும் செய்வது வழக்கமன்று. சமரசராக இருந்து இரகசியங்களைக் கேட்டவர் பிறகு அதே வழக்கில் நடுவராக அமர்ந்தால், கேட்டவற்றை மறந்துவிட்டுத் தீர்ப்பளிப்பது கடினம். அதனால்தான் 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம், தரப்பினர் ஒப்புக்கொண்டாலன்றி இப்படிப் பணி மாறுவதைத் தடுத்தது.

உத்திரமேரூர் தரும் முன்னுதாரணம்

வழக்கைப் பேசித் தீர்க்கும் பழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. ஊர்ச்சபை, சாதிப் பஞ்சாயத்து, வணிகர் குழு என்று பல அமைப்புகள் இருந்தன. ஆனால் இன்றைய நடுவர் சட்டத்தின் மையமான கேள்வி ‘யார் தீர்ப்பளிக்கலாம்’ என்பதைக் காட்டிலும் ‘யார் தீர்ப்பளிக்கக் கூடாது’ என்பதுதான். இக்கேள்விக்கான ஒரு பழைய விடை, ஒரகடம் அமைந்துள்ள அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் கல்லில் எழுதப்பட்டுள்ளது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. வாரியங்களுக்கு உறுப்பினராகும் தகுதிகளோடு, தகுதியின்மைகளையும் அவை விரிவாகப் பட்டியலிடுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவருடைய நெருங்கிய உறவினர்களும் விலக்கப்பட்டனர். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. இச்சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை என்பதையும், ஊரின் பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை என்பதையும் மறக்கலாகாது. இவ்வாரியங்கள் இன்றைய பொருளில் நடுவர் மன்றங்களும் அல்ல. ஆயினும், பொறுப்பில் அமர்பவரின் உறவும் முந்தைய தொடர்பும் அவர் முடிவைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கை அங்கே தெளிவாக உள்ளது.

இந்திய நடுவர் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட ஐந்தாம் அட்டவணையும் ஏழாம் அட்டவணையும் இதே வகைப் பட்டியல்கள்தாம். தரப்பினரோடு நெருங்கிய குடும்ப உறவு உள்ளவர், தரப்பினரின் ஊழியர் அல்லது ஆலோசகர் ஆகியோரை அவை சுட்டுகின்றன. கடந்த மூன்றாண்டுகளில் ஒரு தரப்புக்கு வழக்கறிஞராக இருந்தது ஐயத்துக்குரிய தொடர்பாகக் குறிக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டு இடைவெளியில் மூன்றாண்டு என்ற கணக்குகூட ஒத்துப்போவது தற்செயலே. ஆனால் இரண்டுக்கும் பின்னால் உள்ள அச்சம் ஒன்றுதான்.

சட்டத்தின் வளர்ச்சி

ஆங்கிலேயர் ஆட்சியில் நடுவர் தீர்ப்பு எழுத்துச் சட்டமாயிற்று. 1899இல் இந்திய நடுவர் சட்டம் வந்தது. 1940ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே முறையைக் கொணர்ந்தது. ஆனால் அது ஒவ்வொரு படியிலும் நீதிமன்றம் தலையிட இடமளித்தது. நடுவரை அமர்த்த ஒரு வழக்கு, நீக்க ஒரு வழக்கு, தீர்ப்பை உறுதி செய்ய ஒரு வழக்கு என்று விரைவுக்காக வந்த முறையே தாமதத்துக்குப் பெயர்பெற்றது.

பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் வந்த அயல்நாட்டு முதலீட்டாளர்கள், தகராறு வந்தால் எங்கே போவது என்று கேட்டனர். அதற்கு விடையாக ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் உருவாக்கிய மாதிரிச் சட்டத்தைத் தழுவி 1996ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யும் காரணங்கள் குறுக்கப்பட்டன. நடுவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் பதித்ததும் அதே 1996தான். தொழிற்பகுதியும் புதிய சட்டமும் ஒரே காலத்தின் பிள்ளைகள்.

2015ஆம் ஆண்டுத் திருத்தம் தீர்ப்புக்குக் காலவரம்பு வைத்தது. இப்போதைய விதிப்படி, பன்னாட்டு வழக்குகள் அல்லாதவற்றில், தரப்பினரின் வாதுரைகள் முடிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் தீர்ப்பு வர வேண்டும். இரு தரப்பும் ஒப்பினால் மேலும் 6 மாதங்கள் கூடும். நான்காம் அட்டவணை கட்டணத்துக்கு மாதிரி அளவு தந்து, உச்சவரம்பாக 30 இலட்சம் ரூபாயைக் குறித்தது. நடுவர் தம் கட்டணத்தைத் தாமே ஒருதலையாக நிர்ணயிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது.

ஒரகடம் வழக்கு

2008 பிப்ரவரியில் ரெனோ-நிசான் கூட்டணி தமிழ்நாடு அரசுடன் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரகடத்தில் ஆண்டுக்கு 4 இலட்சம் கார்கள் செய்யும் திறனுள்ள ஆலை அமைப்பது திட்டம். முதலீடு ஏறத்தாழ 4,500 கோடி ரூபாய். பதிலுக்கு மாநில அரசு வரித் தொகைகளைத் திருப்பித் தருதல் உள்ளிட்ட சலுகைகளை வாக்களித்தது. 2010 மார்ச்சில் ஆலை திறக்கப்பட்டது.

சில ஆண்டுகளில் சலுகைத் தொகை பற்றிய கருத்து வேறுபாடு முற்றியது. வாக்களித்த தொகை வரவில்லை என்றது நிசான். கடிதங்களும் கூட்டங்களும் நடந்தன. 2016 மார்ச்சில் அந்நிறுவனத்தின் தலைவர் கார்லோஸ் கோன் பிரதமருக்கே எழுதினார். 2016 ஜூலையில் சட்ட அறிவிப்பு அனுப்பப்பட்டது. செய்தி நிறுவனங்கள் வெளியிட்டபடி, செலுத்தப்படாத சலுகை 2,900 கோடி, இழப்பீடு 2,100 கோடி என ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய் கோரப்பட்டது.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் உள்ளது. வாக்களித்தது தமிழ்நாடு அரசு, ஆனால் எதிர்த்தரப்பாக நிறுத்தப்பட்டது இந்தியக் குடியரசு. நிசான் தன் கோரிக்கைக்கு அடிப்படையாகக் கொண்டது 2008ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை மட்டுமன்று. இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்டு 2011 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்த விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தை அது கையில் எடுத்தது. பன்னாட்டுச் சட்டத்தின் பார்வையில் ஒரு மாநிலம் செய்யும் செயலும் நாட்டின் செயலே. கோட்டையில் கையெழுத்தான தாளுக்கு தில்லி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

வழக்கு 2017இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள நிரந்தர நடுவர் மன்றத்தில் பதிவாயிற்று. 1899இல் நிறுவப்பட்ட இவ்வமைப்பு, பெயரில் மன்றம் என்றாலும், நிலையான நீதிபதிகளைக் கொண்டதன்று. ஒவ்வொரு வழக்குக்கும் தனியே நடுவர்கள் அமர்த்தப்படுகின்றனர். 2017 டிசம்பரில் இந்நடவடிக்கையை நிறுத்தக் கோரி மாநில அரசு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. ஆயினும் நடுவர் மன்ற நடவடிக்கை தொடர்ந்தது.

மூன்று நாற்காலிகள், மூன்று பாதைகள்

இம்மன்றத்தில் அமர்ந்த மூவரின் வாழ்க்கைப் பாதைகளை ஒப்பிட்டால் நடுவர் தொழிலின் மூன்று வாசல்கள் தெரியும்.

தலைமை வகித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் கலிக்கி. அவர் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் நெடுங்காலம் பங்குதாரராகப் பணியாற்றி, 2016இல் அதிலிருந்து விலகித் தனி நடுவரானார். இவ்வாறு விலகுவதற்குத் தொழில்சார்ந்த காரணம் ஒன்றுண்டு. பெரிய நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பர். அவர்களுள் யாரேனும் ஒருவருக்கு வழக்கோடு தொடர்பிருந்தால் நடுவராக அமர்வது சிக்கலாகும். நிறுவனத்தை விட்டு வெளியேறுபவர் உறுதியான வருமானத்தை விடுகிறார், பதிலுக்குச் சுதந்திரத்தைப் பெறுகிறார். தனி நடுவர் என்ற சொல்லின் பொருள் இதுவே.

இரண்டாமவர் சுவீடனைச் சேர்ந்த காய் ஹோபேர். வழக்கறிஞராகப் பணியாற்றிப் பின் உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். இது கல்வியின் வழி வந்த வாசல்.

மூன்றாமவர் ஜகதீஷ் சிங் கேஹர். இந்தியாவின் 44ஆவது தலைமை நீதிபதியாக இருந்து 2017 ஆகஸ்டில் ஓய்வு பெற்றவர். இந்தியாவில் மிகவும் பழக்கமான வாசல் இதுதான். ஓய்வு பெற்ற நீதிபதிகளே இங்கு நடுவர்களாகப் பெரிதும் நாடப்படுகின்றனர். அவர்களின் அனுபவம் பெரியது. ஆனால் நீதிமன்றப் பழக்கங்களும் வாய்தாக்களும் நடுவர் அறைக்குள் கூடவே வந்துவிடுகின்றன என்ற விமர்சனமும் நீண்ட காலமாக உண்டு. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு, வழக்குதோறும் தனியாக நடுவரைத் தேடும் பழக்கத்தை விட்டு, முறையான நிறுவனங்களின் வழியே நடுவர் தீர்ப்பை வளர்க்க வேண்டும் என்று 2017இல் பரிந்துரைத்தது.

தீர்ப்புக்கு முன் வந்த உடன்பாடு

இவ்வழக்கை விசாரிக்க மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று இந்தியா வாதிட்டது. 2019 ஏப்ரல் 29 அன்று மன்றம் தன் முதற்கட்ட முடிவை வழங்கியது. இந்தியாவின் ஆட்சேபங்களைப் பெரும்பாலும் ஏற்காமல், வழக்கு மேலே செல்ல வழிவிட்டது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற இறுதித் தீர்ப்பு வரும் நிலை எழவில்லை. 2020இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்து வழக்கை முடித்துக்கொண்டன.

இம்முடிவைத் தோல்வியென்றோ வெற்றியென்றோ எளிதில் சொல்லிவிட இயலாது. கோரப்பட்ட தொகை மக்களின் வரிப்பணம். அதைப் பற்றிய முடிவு மூடிய அறையில், மூவர் கையில் இருப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. மறுபுறம், அரசு எழுதிக் கொடுத்த வாக்கை நம்பித்தான் ஆலை வந்தது. வாக்கு நிற்காவிட்டால் அடுத்த ஆலை ஏன் வரவேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. நடுவர் இந்த இரண்டு நியாயங்களுக்கு இடையில்தான் அமர்கிறார்.

அருகிலேயே இன்னொரு பாடமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2013 முதல் வரித் தகராறுகளில் சிக்கியது. சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் பின்தங்கியது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. சந்தையில் நோக்கியா சரிந்ததும் ஒரு காரணமாதலால் வரி வழக்கை மட்டுமே குறைகூற முடியாது. வருமான வரித் தகராறு இந்திய, பின்லாந்து அரசுகளின் பேச்சின் மூலம் 2018இல் தீர்ந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அவர்களில் மிகப் பலர் பெண்கள், வேலையிழந்து ஊர் திரும்பியிருந்தனர். தகராறு தீரும் வேகம் வழக்கில் பெயரே இல்லாதவர்களின் வாழ்க்கையையும் தீர்மானிக்கிறது.

சென்னையில் வளர்ந்த சமரசம்

சமரசத் துறையில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி இடம் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க அனுப்பும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தருகிறது. அதன் செல்லுபடியை ஆராய்ந்து வழிமுறை வகுக்கச் செய்த உச்ச நீதிமன்ற வழக்கு, சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் பெயரால் அறியப்படுகிறது. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவின் முதல் மையமாக இது கருதப்படுகிறது. அதே 2005இல் நானி பல்கிவாலா நடுவர் மையமும் சென்னையில் அமைந்தது.

சமரச மையம் உருவாக உழைத்தவர்களில் முதன்மையானவர் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு. அவர் வணிக வழக்குகளிலும் பொது வழக்குகளிலும் சமரசராகப் பணியாற்றினார், சமரசம் பற்றிய நூல்களும் எழுதினார். அசாம்-நாகாலாந்து எல்லைத் தகராறில் உச்ச நீதிமன்றம் அவரைச் சமரசராக அமர்த்தியது. 2019 மார்ச்சில் அயோத்தி வழக்குக்காக அமைக்கப்பட்ட மூவர் குழுவிலும் அவர் இடம்பெற்றார். அக்குழுவின் தலைவர் நீதிபதி எப்.எம்.ஐ. கலிபுல்லாவும் தமிழகத்தவரே. அங்கே சமரசம் கைகூடவில்லை, வழக்கு தீர்ப்பில்தான் முடிந்தது. சமரசரின் திறமை எவ்வளவாயினும், தரப்பினர் மனமிசையாவிட்டால் உடன்பாடு இல்லை என்பதை அது உணர்த்திற்று.

வணிக வழக்குகளில் அவசர இடைக்கால நிவாரணம் கோராதவர், வழக்குத் தொடுக்கும் முன் சமரசத்தை முயல வேண்டும் என்ற விதி 2018இல் வந்தது. அது கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதி செய்தது. 2023இல் சமரசத்துக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

சிறிய பட்டறைகளின் வழக்கு

ஐயாயிரம் கோடி வழக்கு செய்தியாகும். ஐந்து இலட்சம் நிலுவை செய்தியாவதில்லை. ஆனால் இப்பகுதியின் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளுக்கு அந்த ஐந்து இலட்சமே அடுத்த மாதக் கூலி. இவர்களுக்காக 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் தனி வழி வைத்துள்ளது. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருள் பெற்றவர் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. புகாரை மாநில அரசின் வசதியாக்கல் மன்றத்திடம் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் இம்மன்றங்கள் உள்ளன. முதலில் சமரச முயற்சி, அது தோற்றால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாங்குநர் முதலில் 75 விழுக்காடு தொகையைக் கட்ட வேண்டும். சட்டம் பலமாகவே உள்ளது. ஆயினும் அடுத்த ஆர்டர் கிடைக்காமல் போகுமோ என்ற அச்சத்தால் புகாரே கொடுக்காமல் இருப்பவர்களை எந்த நடுவரும் சென்றடைய முடியாது.

தொழிலாளர் தகராறுகள் இதனினும் வேறானவை. அவை தொழிலாளர் துறையின் சமரச அலுவலர்கள் முன் வருகின்றன. ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம், அரசின் பேச்சுவார்த்தைகளுக்குப் பின் 37 நாள்களில் முடிந்தது. வணிக நடுவர் அங்கே தேவைப்படவில்லை. ஆனால் இரு பக்கமும் கேட்கும் பொறுமை அங்கும் தேவைப்பட்டது.

நம்பிக்கையும் ஐயமும்

நடுவர் தொழிலின் எதிர்காலம் பற்றி இரு எதிரெதிர்ப் போக்குகள் தெரிகின்றன. தரப்புகளில் ஒன்று தானே ஒற்றை நடுவரை அமர்த்துவது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. அரசு நிறுவனங்களும் பெரிய நிறுவனங்களும் தமக்கு வேண்டியவரை நடுவராக்கும் வழக்கத்துக்கு இது தடையாயிற்று. அதே 2024இல் ஜூன் மாதம், ஒன்றிய நிதி அமைச்சகம் வேறு திசையில் வழிகாட்டியது. அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் விதியைப் பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும், பெரிய தகராறுகளுக்குச் சமரசத்தை நாடலாம் என்றும் அது கூறியது. நடுவர் முறையில் செலவும் தாமதமும் மிகுந்துவிட்டன என்ற அரசின் ஐயத்தை இதில் காணலாம்.

ஒரகடம் ஆலையின் கதையும் நிற்கவில்லை. கூட்டு நிறுவனத்தில் நிசானிடம் இருந்த பங்குகளை ரெனோ வாங்கவிருப்பதாக 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. உரிமையாளர் மாறலாம், ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படலாம். புதிய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்திலும் நடுவர் விதி ஒன்று இருக்கும். அந்த விதிக்கு உயிர் தருவது காகிதமன்று, அதன்படி வந்து அமரும் மனிதரின் நடுநிலைமையே. உறவு, பழைய தொடர்பு, அடுத்த வழக்கு பற்றிய ஆசை ஆகிய மூன்றையும் வெளியே நிறுத்திவிட்டு ஒருவரால் அமர முடியுமானால், தோற்றவரும் அவர் தீர்ப்பை மதிப்பர். உத்திரமேரூர்ச் சபையார் தகுதியின்மைகளைக் கல்லில் வெட்டி வைத்ததும், இன்றைய சட்டம் அட்டவணையாக எழுதி வைத்ததும் அந்த ஒன்றுக்காகவே.